புதுப் பாட்டுக்கு நாலு வரி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாராவாரம் வெளிவரும் சுயாதீனத் தமிழ்ப் பாடல்களைக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் நாலு வரியில் கருத்து எழுதுகிறேன். சிங்கப்பூர்ப் பாடல்களுக்கு முதலிடம். மலேசியா, தமிழ்நாடு, இலங்கை எல்லாம் அப்புறம். படிப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன்.

சுயாதீன இசை என்று எதைச் சொல்கிறீர்கள்? சினிமாவில் வராததெல்லாம் சுயாதீனமா?

இல்லை. தமிழில் சினிமாவுக்கு வெளியே எது வந்தாலும் 'இண்டி' என்று சொல்லிவிடுகிறோம். பெரிய நிறுவனம் ஒன்று பணம் போட்டு, ஆடுவதற்கு முப்பது பேரை வைத்துக் காணொளி எடுத்து, உரிமையையும் தானே வைத்துக்கொண்டால் அது சினிமாப் பாட்டு இல்லை, அவ்வளவுதான். நான் பார்ப்பது ஒன்றைத்தான்: பதிவின் உரிமை, அதாவது மாஸ்டர், யார் கையில் இருக்கிறது? பாட்டை உருவாக்கியவர்கள் கையில் இருந்தால் அது சுயாதீனம்.

இதில் நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. 2021-இல் வந்த 'என்ஜாய் எஞ்சாமி' கோடிக்கணக்கான முறை கேட்கப்பட்ட பாட்டு. நம் வீட்டுக் கல்யாணங்களில் சின்னப் பிள்ளைகள்கூட அதற்கு ஆடினார்கள். 2024-இல் அதன் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன், அந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு வருமானம் எதுவும் வந்து சேரவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். அவ்வளவு ஓடிய பாட்டுக்கே இந்த நிலை என்றால், ஐந்நூறு பேர் கேட்கும் பாட்டை எழுதியவர் எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று தெரிந்துகொண்டே ஆக வேண்டும். நிறுவனம் வெளியிட்ட பாட்டையும் கேட்டு எழுதுகிறேன். உரிமை யாரிடம் என்பதைக் கூடவே குறிப்பிட்டுவிடுவேன்.

ஏன் நாலே வரி?

நாலு வரியில் ஒரு விஷயத்தைத்தான் சொல்ல முடியும். அப்போது எதைச் சொல்வது என்று யோசித்தே ஆக வேண்டும். 'மெட்டு அருமை, குரல் இனிமை, மேலும் வளர வாழ்த்துகள்' என்று எழுதப் பாட்டைக் கேட்டிருக்கவே தேவையில்லை. எந்த நிமிடம், எந்த நொடி, அங்கே என்ன நடக்கிறது என்று சொன்னால் பாடியவருக்கும் புரியும், கேட்கப்போகிறவருக்கும் அந்த இடத்துக்கு நேராகப் போய்ப் பார்க்கத் தோன்றும்.

மாதிரிக்கு மூன்று தருகிறேன். குறையும் சொல்லியிருப்பதால் பெயர்களை எடுத்துவிட்டேன்.

'படுக்கையறையில் பதிவான தாலாட்டு. 1 நிமிடம் 48 நொடியில் சன்னலுக்கு வெளியே குயில் கூவுகிறது. பாடுபவர் ஒரு மூச்சு நிறுத்திவிட்டுத் தொடர்கிறார். அதை வெட்டாமல் விட்டதற்கு நன்றி. கிட்டார் இதில் பாதி போதும்.'

'ராப். முதல் பன்னிரண்டு வரியும் வடசென்னைப் பேச்சில். பதின்மூன்றாவது வரியில், பிளாக்குக்குக் கீழே அம்மா மார்க்கெட் பையோடு லிஃப்டுக்குக் காத்திருக்கிறார். அங்கேதான் பாட்டே தொடங்குகிறது. முந்தைய பன்னிரண்டும் வேண்டாம்.'

'ஐந்து பாட்டு, 19 நிமிடம். மூன்றாவது பாட்டின் நடுவில் தவில் எட்டுச் சுற்று வருகிறது. அதற்காகவே காசு கொடுத்து வாங்கினேன். மற்ற நான்கிலும் கணினித் தாளம் ஒன்றே திரும்பி வருகிறது. தவில்காரரை இன்னும் ஒரு மணி நேரம் இருக்கச் சொல்லியிருக்கலாம்.'

அந்தக் குயிலைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். சிங்கப்பூரில் விடிவதற்கு முன்பே குயில் கத்த ஆரம்பித்துவிடும், தெரியும்தானே. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் பதிவு செய்கிறவர்கள் ஏர்கானை நிறுத்தி, மின்விசிறியை நிறுத்தி, அலமாரிக்குள் தலையை விட்டு, மேலே போர்வையைப் போர்த்திக்கொண்டு பாடுகிறார்கள். பக்கத்து வீட்டில் பிள்ளை தூங்குகிறது என்று குரலைத் தாழ்த்துகிறார்கள். சிங்கப்பூர்ச் சுயாதீனப் பாடல்கள் பலவற்றில் மைக்குக்கு மிக அருகில், முணுமுணுப்பாகவே குரல் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அது குறை இல்லை. அந்தக் குரலுக்குத் தகுந்த மெட்டை அமைக்காமல், அதே முணுமுணுப்பில் பெரிய அரங்கப் பாட்டைப் பாட முயல்வதுதான் குறை.

ஒரு பாட்டை எத்தனை தடவை கேட்டுவிட்டு எழுதுகிறீர்கள்?

குறைந்தது மூன்று தடவை, மூன்று இடத்தில்.

முதலில் ரயிலில். லிட்டில் இந்தியாவில் ஏறினால் செங்காங்குக்கு ஒன்பது நிறுத்தம், ஏறக்குறைய இருபது நிமிடம். ஐந்து பாட்டு உள்ள இ.பி. (சிறு தொகுப்பு) ஒன்று அதற்குள் முடிந்துவிடும். அடுத்தது வீட்டில், நல்ல ஸ்பீக்கரில், வேறு வேலை எதுவும் பார்க்காமல், வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு. மூன்றாவது, சமைக்கும்போது கைபேசியை அலமாரி மேல் வைத்து. பெரும்பாலானவர்கள் பாட்டுக் கேட்பது அப்படித்தான் என்பதால் அதையும் விடுவதில்லை.

ஒருமுறை அவசரத்தில் கைபேசியில் மட்டும் கேட்டுவிட்டு, 'அடித்தளமே இல்லாத பாட்டு' என்று எழுதிவிட்டேன். மறுநாள் ஹெட்ஃபோனில் கேட்டால் பேஸ் கிட்டார் அவ்வளவு அழகாக, பாடகர் மூச்சு விடும் இடங்களில் மட்டும் பதில் சொல்லிக்கொண்டு போகிறது. கைபேசியின் சின்ன ஸ்பீக்கரில் அந்தத் தாழ்ந்த ஒலி வருவதே இல்லை. எழுதியதைத் திருத்தி, மன்னிப்பும் கேட்டேன். மூன்று இடம் என்ற விதி அன்று வந்ததுதான்.

எந்த நாளில் கேட்பீர்கள்?

வெள்ளிக்கிழமை. 2015 ஜூலையிலிருந்து உலகம் முழுவதும் புதுப் பாடல்களுக்கு வெள்ளிக்கிழமையே பொதுவான வெளியீட்டு நாள். பெரும்பாலும் அந்தந்த ஊர் நள்ளிரவுக் கணக்கில் வெளியாவதால், சென்னையில் இருப்பவர்களைவிட இரண்டரை மணி நேரம் முன்னாலேயே நமக்குக் கிடைத்துவிடும். ஆனால் எழுதுவது ஞாயிற்றுக்கிழமைதான். வெள்ளி இரவு பிடித்த பாட்டு ஞாயிறு காலையில் மெட்டாவது நினைவிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எழுதுவேன்.

இங்கே பாடுகிறவர்களே கொஞ்சம் பேர். அவர்களையும் குறை சொல்ல வேண்டுமா?

இதைக் கேட்பவர்கள் நல்ல மனதோடுதான் கேட்கிறார்கள். ஆனாலும் என் பதில், ஆமாம், சொல்ல வேண்டும்.

நம் வட்டம் சின்னது. பாடுகிறவரின் அக்கா நம் அலுவலகத்தில் இருப்பார், டிரம்ஸ் வாசிக்கிற தம்பி நம்மோடு தேசிய சேவையில் இருந்திருப்பார். அதனால் பாட்டு வந்ததும் எல்லாரும் ஒரு இதயக் குறியைப் போட்டு 'சூப்பர்' என்று அனுப்பிவிடுகிறோம். மேடைக்கு வந்தவருக்குப் பொன்னாடை போர்த்துவது மாதிரிதான் அதுவும். போர்த்தியவர்களில் எத்தனை பேர் அந்தப் பாட்டை இரண்டாவது தடவை கேட்டார்கள்?

ஒரு பாடகி என்னிடம் சொன்னது மனதில் நிற்கிறது. இருநூறு பேர் வாழ்த்தினார்களாம். ஆனால் இரண்டாவது சரணத்தில் தாளம் அரை மாத்திரை தள்ளிப் போவதை ஒருவர்கூடச் சொல்லவில்லை. அவருக்கே அது தெரியும், பயந்துகொண்டே வெளியிட்டிருக்கிறார். யாரும் சொல்லாததால், யாருமே அதுவரை கேட்கவில்லை என்று புரிந்துகொண்டாராம். நான் அந்த இடத்தைச் சுட்டி எழுதியபோது அவர் வருத்தப்படவில்லை. 'கடைசி வரைக்கும் கேட்டீங்களாண்ணே?' என்றுதான் முதலில் கேட்டார்.

ஒருவர் ஆறு மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, வார இறுதிகளைக் கொடுத்து ஒரு பாட்டைச் செய்கிறார். நான் அதற்குக் கொடுக்கக்கூடியது முழுக் கவனம். அந்தக் கவனத்தில் நிறையும் தெரியும், குறையும் தெரியும். ஆளைப் பற்றி எழுதமாட்டேன். தோற்றம், உச்சரிப்பு வழக்கு, குடும்பம், காணொளியில் போட்ட சட்டை இவற்றுக்கு என் நாலு வரியில் இடம் கிடையாது.

நண்பர்களின் பாடல்களுக்கு?

எழுதுவேன். 'இவர் என் நண்பர்' என்ற வரியோடு தொடங்குவேன். நானே வரி எழுதவோ ஆலோசனை சொல்லவோ செய்த பாட்டுக்கு எழுதமாட்டேன்.

நட்சத்திரம், மதிப்பெண் ஏன் தருவதில்லை?

எண் போட்டால் எண்ணை மட்டும்தான் படிப்பார்கள்.

ஆட்டோடியூன் என்றாலே உங்களுக்கு ஆகாதா?

அப்படி இல்லை. ராப்பில், நடனப் பாட்டில், குரலை ஒரு வாத்தியம் மாதிரி மாற்றுவதற்குப் பயன்படுத்தினால் எனக்குப் பிடிக்கும். என் சண்டை வேறு இடத்தில்.

அந்த மென்பொருள் குரலைப் பிடித்து, அருகில் இருக்கும் சுரத்துக்கு இழுத்து வைக்கிறது. நம் கமகமோ இரண்டு சுரங்களுக்கு நடுவில்தான் இருக்கிறது. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழியில் குரல் வளைகிறது, தொங்குகிறது, தொட்டுவிட்டுத் திரும்புகிறது. அப்படி இழுக்கும் வேகத்தை உச்சத்தில் வைத்து இதை ஓட்டினால், சறுக்குமரமாக இருக்க வேண்டியது படிக்கட்டாகிவிடும். பத்து வருடம் கர்நாடக சங்கீதம் படித்த பிள்ளைகளின் பாட்டிலேயே இது நடப்பதைக் கேட்டிருக்கிறேன். அவர்கள் குரலில் பிசகே இல்லை. ஒலிக்கலவை செய்தவர் பழக்கத்தில் போட்டுவிட்டார், பாடியவரும் 'இப்போ எல்லாரும் இப்படித்தானே' என்று விட்டுவிட்டார். வேகத்தைக் குறைக்கலாம், கமகம் வரும் இடத்தில் மட்டும் அணைத்துவிடலாம். இரண்டுமே ஐந்து நிமிட வேலை.

இன்னொன்று ழகரம். எதிரொலியை அள்ளிப் போட்டால் மெய்யெழுத்துகள் கரைகின்றன. 'மழை' எனக்கு 'மலை' என்று கேட்டால் கட்டாயம் எழுதுவேன். பாடியவர் சரியாகப் பாடி, கலவையில் தொலைந்திருந்தால் அதையும் பிரித்துச் சொல்வேன்.

ஒலியை நசுக்கி உரக்க வைப்பதும் வீண். ஸ்பாட்டிஃபை எல்லாப் பாட்டையும் மைனஸ் 14 லஃப்ஸ் (ஒலியின் உரப்பை அளக்கும் அலகு) என்ற அளவை ஒட்டிச் சமப்படுத்தித்தான் ஒலிக்கவிடுகிறது. நீங்கள் கூட்டியதை அது குறைத்துவிடும். நசுங்கியது மட்டும் நசுங்கியபடியே இருக்கும்.

முன்னிசை இல்லை, முன்னிசை இல்லை என்று ஏன் இவ்வளவு வருத்தம்?

ஸ்பாட்டிஃபையில் 30 நொடி கேட்டால்தான் ஒரு கேட்பாகக் கணக்கு. அதனால் முதல் ஐந்து நொடிக்குள் பல்லவியை வைத்துவிடுகிறார்கள். கணக்கு புரிகிறது. ஆனால் நாம் முன்னிசையைக் கேட்டே பாட்டைக் கண்டுபிடித்து வளர்ந்தவர்கள். பேருந்தில் எங்கிருந்தோ வயலின் இரண்டு நொடி கேட்டாலே முழுப் பாட்டும் மனதில் ஓடும். அந்த வாசலையே இடித்துவிட்டால் பாட்டுக்குள் எப்படி நுழைவது? நாற்பது நொடி முன்னிசை வேண்டாம், பன்னிரண்டு நொடி வையுங்கள். அதில் ஒரு புல்லாங்குழல், ஒரு பறை, கோப்பிக் கடையில் கரண்டி தட்டும் சத்தம், ஏதாவது உங்களுடையது இருக்கட்டும்.

ஆங்கிலம் கலந்த வரிகளை ஏற்றுக்கொள்கிறீர்களா?

இந்த ஊர்ப் பேச்சு அப்படித்தான் இருக்கிறது. இங்குள்ள ராப் பாடகர் யங் ராஜா ஒரே வரியில் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் தாவும்போது எனக்கு அது கலப்படமாகத் தோன்றவில்லை. எம்ஆர்டியில் பக்கத்து இருக்கையில் கேட்கும் பேச்சு அது. எனக்கு உறுத்துவது இரவல் பேச்சு. ஈசூனில் பிறந்து வளர்ந்த தம்பி, தான் ஒரு நாளும் பேசாத சென்னைப் பேச்சைப் பாட்டுக்காக மாட்டிக்கொள்கிறார். நம்மிடம் 'பசியாறிட்டியா' இருக்கிறது, டாலரைச் சொல்லும் 'அஞ்சு வெள்ளி' இருக்கிறது, லிட்டில் இந்தியாவுக்கு நாம் சொல்லும் 'தேக்கா' இருக்கிறது. கோலாலம்பூரிலிருந்து யோகி பி ராப் குழுவினர் 2006-இல் 'வல்லவன்' தொகுப்பை வெளியிட்டபோது, அதைத் தமிழ்நாட்டிலும் தேடிக் கேட்டார்கள். அவர்கள் சென்னைக்காரர்கள் மாதிரி பேசியதால் இல்லை.

சிங்கப்பூர்த் தமிழர்களின் சுயாதீன இசை இப்போதுதான் தொடங்கியதா?

இல்லவே இல்லை. ருத்ரா குழு 1992-இலேயே தொடங்கியது. சமஸ்கிருத சுலோகங்களையும் வேதாந்தத்தையும் டெத் மெட்டல் என்ற முரட்டு ராக் இசையோடு சேர்த்தார்கள், அந்தப் பாணிக்கே 'வேதிக் மெட்டல்' என்று பெயர் வந்தது. அடுக்குமாடி ஊரில் இருந்துகொண்டு உலகத்தில் அதிகம் பேர் செய்யாத ஒன்றைச் செய்தார்கள். நம் வீடுகளில் பாதிப் பேருக்கு இது தெரியாது என்பது எனக்குப் பெரிய வருத்தம். 'வசந்தம் ஸ்டார்' பாட்டுப் போட்டியில் 2005-இல் வென்ற ஷபீர், பிறகு தமிழ்ப் படங்களுக்கு இசையமைத்தார். இந்த ஊர் ராப் பாடகி லேடி காஷின் ராப்பை 2010-இல் 'எந்திரன்' படத்தில் ஏ.ஆர்.ரஹ்மான் இசையில் கேட்டோம்.

எல்லாரும் உருமியைப் போடுகிறார்களே, அலுக்கவில்லையா?

உருமி அலுக்காது. வளைந்த குச்சியால் தோலைத் தேய்க்கும்போது எழும் அந்த முனகல் இங்கே வளர்ந்தவர்களுக்கு நேராக வயிற்றில் இறங்கும். சிங்கப்பூர்த் தைப்பூச ஊர்வலத்தில் 1973 முதல் நேரடி இசைக்குத் தடை இருந்தது. 2016-இல்தான் குறிப்பிட்ட சில இடங்களில் வாசிக்க விட்டார்கள். அத்தனை வருடம் ஏங்கிக் கேட்ட ஒலி அது. அலுப்பது, கணினித் தொகுப்பிலிருந்து எடுத்து ஒட்டிய இரண்டு நொடி உருமி. ஒரே முனகல் பதினாறு தடவை மாறாமல் வந்தால் அது தேய்த்தது இல்லை என்று காது கண்டுபிடித்துவிடும். இங்கே உருமி மேளக் குழுக்கள் இருக்கிறார்கள். போய்க் கூப்பிடுங்கள், காசு கொடுங்கள், பெயரைப் போடுங்கள்.

செயற்கை நுண்ணறிவு செய்த பாடல்கள்?

குரலே இயந்திரக் குரல் என்றால் எழுதுவதில்லை. என் கவனத்தை மனிதர்களுக்கு வைத்திருக்கிறேன்.

பாட்டு பிடித்தால் பாடியவருக்குக் காசு போக என்ன செய்யலாம்?

முடிந்தால் வாங்குங்கள். பேண்ட்கேம்ப் தளத்தில் பாட்டை விற்றால் தளம் எடுத்துக்கொள்வது பொதுவாக 15 விழுக்காடு. பத்து வெள்ளி கொடுத்தால், பணம் அனுப்பும் கட்டணம் போக, எட்டு வெள்ளிக்குப் பக்கத்தில் அவர் கைக்குப் போகும். ஸ்பாட்டிஃபையில் 2024 முதல், ஒரு பாட்டை ஓராண்டில் ஆயிரம் தடவையாவது கேட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அதற்குப் பணமே கிடையாது. நம் ஊர்ப் பாடல்களில் பல அந்த ஆயிரத்துக்குக் கீழேதான் தடுமாறுகின்றன. எண்ணூறில் நிற்கும் பாட்டுக்கு நீங்களும் நண்பர்களும் சேர்ந்து கேட்கும் இருநூறு தடவை உண்மையிலேயே கணக்கில் வரும். மனதுக்குப் பிடித்திருந்தால் மட்டும் செய்யுங்கள். ஒலியை அணைத்துவிட்டு இரவெல்லாம் ஓடவிடுவது கேட்பது ஆகாது.

நேரில் எங்கே கேட்கலாம்?

எஸ்பிளனேட் கலை அரங்கில் இலவச நிகழ்ச்சிகள் அடிக்கடி நடக்கும். அங்கேயே நடக்கும் பேபீட்ஸ் இசை விழாவுக்கும் நுழைவுக் கட்டணம் இல்லை. பெரும்பாலும் ஆங்கிலக் குழுக்கள்தான், ஆனாலும் போங்கள், மேடை ஒலியை எப்படி அமைக்கிறார்கள் என்று கேட்பதே ஒரு பாடம். வருடக் கடைசியில் அங்கே கலா உற்சவம் என்ற இந்தியக் கலை விழா, ஏப்ரலில் தமிழ்மொழி விழா. தமிழ்மொழி விழாவில் பட்டிமன்றங்களுக்கு நடுவே சின்ன அரங்கில் ஓர் இசை நிகழ்ச்சி ஒளிந்திருக்கும், அட்டவணையைக் கடைசிவரை படியுங்கள்.

என் பாட்டை உங்களுக்கு அனுப்ப என்ன வேண்டும்?

பாட்டு வேண்டும். வரிகள் தமிழ் எழுத்தில் வேண்டும். எங்கே பதிவு செய்தீர்கள் என்று ஒரு வரி. நீங்கள் யாரிடம் படித்தீர்கள், எத்தனை பரிசு வாங்கினீர்கள் என்பதெல்லாம் வேண்டாம். காணொளியும் வேண்டாம், படம் பார்த்தால் என் காது மந்தமாகிவிடுகிறது.

அப்புறம், வாசித்தவர்கள் எல்லாருடைய பெயரும் வேண்டும். அன்பாகவும் கண்டிப்பாகவும் கேட்கிறேன். போன வருடம் ஒரு பாட்டில் மிருதங்கம் அவ்வளவு நன்றாக இருந்தது, யார் என்று கேட்டு எழுதினேன். 'ஸ்டூடியோவில் தெரிந்த ஒரு அங்கிள்' என்று பதில் வந்தது. பெயர் கேட்டுச் சொல்லுங்கள் என்றேன். மூன்று வாரம் கழித்துத்தான் வந்தது. அதுவரை அந்தப் பாட்டுக்கு நான் எழுதவில்லை.